மாவுச்சத்தை நிறுத்திய பிறகு ஓடினாலே தலைவலி: காரணம் என்னவாக இருக்கும்?

சத்துவாச்சாரி நடையர் – மே 8, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 44, உயரம் 168 சென்டிமீட்டர். மூன்று வாரங்களுக்கு முன்பு எடை 89 கிலோவாக இருந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்ததால், மாத்திரைக்கு இப்போது அவசரமில்லை, முதலில் எடையைக் குறையுங்கள் என்று மருத்துவர் சொல்லியனுப்பினார். அலுவலக நண்பர் ஒருவர் பேலியோ என்ற குறைந்த மாவுச்சத்து உணவுமுறையில் நன்றாக இளைத்திருந்ததைப் பார்த்து, ஏப்ரல் 20ஆம் தேதி முதல் அரிசி, கோதுமை, சர்க்கரை, கிழங்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிட்டேன். காலையில் வறுத்த பாதாம் நூறு, மதியம் நெய்யில் வதக்கிய காய்கறியும் முட்டையும், இரவில் கோழியோ பனீரோ என்று நாட்கள் போகின்றன. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயைச் சோறில்லாமல் வெறுமனே தின்பதற்கு மட்டும் இன்னும் மனம் ஒப்பவில்லை.

முதல் பத்து நாட்களில் 3.4 கிலோ இறங்கியது. அந்த மகிழ்ச்சியில், வழக்கமான நடைப்பயிற்சியோடு மெல்லோட்டத்தையும் சேர்த்துக்கொண்டேன். காலை ஆறேகால் மணிக்கு வேலூர் நேதாஜி விளையாட்டரங்கத்துக்குப் போய்ப் பத்து நிமிடம் நடந்துவிட்டு ஓடத் தொடங்கினால், இருபதாவது நிமிடத்துக்குள் இரண்டு நெற்றிப்பொட்டுகளும் விண்விண்ணென்று தெறிக்கின்றன. ஓட்டத்தை நிறுத்தியவுடன் வலி பிடரிக்கு இறங்கி, அலுவலகம் போய் உட்கார்ந்த பிறகும் பதினொரு மணி வரை விடுவதில்லை. குனிந்து காலணிக் கயிற்றை முடிந்துவிட்டு நிமிரும்போது ஒரு நொடி கண் இருட்டிக்கொண்டு வருகிறது. இரவில் கெண்டைக்காலில் சதை பிடித்துக்கொள்கிறது. பேலியோவுக்கு முன்பு இவற்றில் எதுவும் இருந்ததில்லை.

சர்க்கரை இறங்கிவிடுகிறதோ என்று சந்தேகப்பட்டு, வலி உச்சத்தில் இருந்தபோது வீட்டுக் கருவியில் பார்த்தேன், 88 காட்டியது. நீர் குறைவோ என்று எண்ணி நாளுக்கு நான்கு லிட்டர் வெறும் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். வலி கூடியதே தவிரக் குறையவில்லை. இப்போது தினமும் பயிற்சி முடிந்ததும் மருந்துக் கடையில் வாங்கிய வலி மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொள்கிறேன். கொழுப்பு எரிவதன் அறிகுறி இது, பொறுத்துக்கொள் என்று நண்பர் சொல்கிறார். சோற்றை விட்டால் தலை வலிக்காமல் என்ன செய்யும் என்று அம்மா கேட்கிறார். ஓடுவதற்கு முன்பு ஒரு வாழைப்பழம் தின்றால் சரியாகிவிடுமா, அல்லது உணவுமுறையையே கைவிட வேண்டுமா என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

குடியாத்தம் ஓட்டக்காரர் – மே 8, இரவு 10.55

நண்பரே, நான் ஆறு ஆண்டுகளாகக் குறைந்த மாவுச்சத்து உணவில் இருக்கிறேன். முதல் மாதம் இதே வலியோடு காலம் தள்ளியவன். உங்கள் பதிவில் சர்க்கரை 88 என்று இயல்பாக இருப்பதைப் பார்த்தவுடனே வாழைப்பழத்துக்கு இங்கே வேலையில்லை என்று தோன்றியது. எனக்குத் தெரிந்தவரை உங்களுக்குக் குறைவது உப்பு.

மாவுச்சத்தைக் குறைத்ததும் இரத்தத்தில் இன்சுலின் இறங்குகிறது. சோடியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்படி சிறுநீரகத்துக்குச் சொல்லும் வேலைகளில் ஒன்றை இன்சுலின்தான் செய்துவந்தது. அது குறைந்ததும் சிறுநீரகம் சோடியத்தையும் அதோடு நீரையும் தாராளமாக வெளியே விடுகிறது. இன்னொரு பக்கம், கல்லீரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் சுமார் 400 கிராமும் கிளைக்கோஜன் என்ற பெயரில் சர்க்கரை சேமிக்கப்பட்டிருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் நீரைத் தன்னோடு கட்டி வைத்திருக்கும். அந்தச் சேமிப்பு கரையும்போது நீரும் கிளம்பிவிடும். நீங்கள் மகிழ்ந்த 3.4 கிலோவில் பெரும்பகுதி இப்படிப் போன நீர்தான். இதைச் சொல்வதற்கு மன்னிக்கவும். இரத்தத்தின் கன அளவு குறைந்த நிலையில் ஓடுகிறீர்கள். நிமிரும்போது கண் இருட்டுவதும் இரவில் சதை பிடிப்பதும் அதற்கு ஒத்துப்போகின்றன.

பலர் கவனிக்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் உப்பு என்பது சோற்றோடும் இட்லியோடும் ஒட்டிக்கொண்டுதான் வயிற்றுக்குள் போகிறது: மாவில் போட்ட உப்பு, சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய். சோற்றை விட்டவர் இத்தனையையும் சேர்த்து விட்டுவிடுகிறார். உங்கள் காலை உணவான நூறு பாதாமில் உப்பு என்பதே கிடையாது. வரவு நின்றுபோன அதே வாரத்தில் செலவு கூடுகிறது.

அதன்மேல் நம் ஊர் வெயில் வேறு. நீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று வேலூரைக் கேலி செய்வார்கள். அந்த மரமில்லா மலைகள் பகலில் குடித்த சூட்டை இரவெல்லாம் கக்கிக்கொண்டிருப்பதால், கத்திரி வெயிலில் விடியற்காலையிலும் காற்று குளிர்வதில்லை. ஒரு லிட்டர் வியர்வையில் அரை கிராமிலிருந்து ஒன்றரை கிராமுக்கு மேல்கூடச் சோடியம் போகலாம். ஆளுக்கு ஆள் மாறும். ஒரு கறுப்புப் பருத்திச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடுங்கள். வந்ததும் துவைக்காமல் கொடியில் உலர்த்தி, முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். வெள்ளையாகக் கோடு கோடாகப் படிந்திருந்தால் நீங்கள் உப்பை அதிகம் இழக்கிற உடம்புக்காரர். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடையையும் பாருங்கள். குறைகிற ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர் வியர்வை.

நான் செய்வது இதுதான்: ஓடுவதற்கு அரை மணி நேரம் முன்பு ஒரு பெரிய குவளை நீரில் கால் தேக்கரண்டி உப்பும் அரை எலுமிச்சையும், திரும்பி வந்ததும் உப்புப் போட்ட நீர்மோர், வாரத்தில் இரண்டு நாள் ஆட்டுக்கால் சூப். இந்துப்பா கல்லுப்பா என்று கேட்காதீர்கள். இரண்டிலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். இந்துப்பில் பொதுவாக அயோடின் சேர்ப்பதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய வேறுபாடு. உப்பில்லாமல் நான்கு லிட்டர் வெறும் தண்ணீர் குடிப்பதை உடனே நிறுத்துங்கள். அது இருக்கிற சோடியத்தையும் நீர்க்கச் செய்யும். அப்படி நீர்த்துப்போனாலும் தலை வலிக்கும்.

ராணிப்பேட்டை மருந்தாளுநர் – மே 9, காலை 7.15

ஓட்டக்காரர் ஐயா விளக்கிய உடலியலில் பிழை இல்லை. ஆனால் உப்புக் கரைசலைக் குடிப்பதற்கு முன்பு கேள்வி கேட்டவர் இரண்டு விவரங்களைச் சொல்ல வேண்டும். வேறு என்ன மாத்திரைகள் சாப்பிடுகிறீர்கள்? தினமும் போடும் வலி மாத்திரையின் அட்டையில் என்ன பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது? வணிகப் பெயரைச் சொல்லாமல், அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பார்த்து எழுதுங்கள்.

சத்துவாச்சாரி நடையர் – மே 9, காலை 8.02

ஐயா, நான்கு ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். டெல்மிசார்டான் 40, ஹைட்ரோகுளோரோதயாசைடு 12.5 என்று அட்டையில் இருக்கிறது. வலி மாத்திரையில் டைக்ளோஃபெனாக், பாராசிட்டமால் என்று இருக்கிறது. பல் துலக்குவதுபோல அழுத்த மாத்திரை பழகிவிட்டதால் அதை எழுத வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அம்மாவுக்கும் அழுத்தம் இருப்பதால் எங்கள் வீட்டுச் சமையலில் உப்பு எப்போதுமே குறைவு.

ராணிப்பேட்டை மருந்தாளுநர் – மே 9, காலை 9.30

எழுதாமல் விட்டதுதான் முக்கியமான செய்தி. நீங்கள் குறிப்பிட்ட இரண்டாவது மருந்தான ஹைட்ரோகுளோரோதயாசைடின் வேலையே சோடியத்தையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றுவது. உணவுமுறை ஒருபுறம் அதே வேலையைச் செய்கிறது, மாத்திரை மறுபுறம் செய்கிறது, மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்கிறது. மாவுச்சத்தைக் குறைத்து எடை இறங்கும்போது இரத்த அழுத்தமும் இறங்குவது வழக்கம்; 89 கிலோ எடையிலும் சோற்றோடு வந்த உப்பிலும் பொருந்தியிருந்த மாத்திரை அளவு இன்று உங்களுக்கு அதிகமாக இருக்கக்கூடும். இன்றே அழுத்தத்தை உட்கார்ந்த நிலையில் ஒருமுறையும், எழுந்து நின்று ஒன்று முதல் மூன்று நிமிடங்களுக்குள் மறுமுறையும் பார்த்து, இரண்டையும் குறித்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் போங்கள். அழுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், உப்பை நீங்களாக ஏற்றவும் வேண்டாம். நாளுக்கு மொத்தம் 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது பொதுமக்களுக்கான அளவு. வியர்த்து ஓடுகிற, மாவுச்சத்தை விட்ட, ஆரோக்கியமான ஒருவருக்கு அது போதாமல் போகலாம். ஆனால் அழுத்தமோ இதய நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவருக்கு அந்தத் தீர்ப்பை இணையத்தில் யாரும் எழுதித் தரக் கூடாது.

கடைகளில் சோடியம் குறைவு என்று விற்கும் உப்பைக் குடும்ப நலன் கருதி வாங்கியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள்; டெல்மிசார்டான் சாப்பிடுகிறவர்களுக்கு இரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும் அபாயம் உண்டு. உடம்புக்கு நல்லது என்று தினமும் இரண்டு மூன்று இளநீர் குடிப்பதும் இதே கணக்கில் சேரும்.

வலி மாத்திரையை இன்றோடு விட்டுவிடுங்கள் என்பதை மட்டும் தயங்காமல் சொல்கிறேன். டெல்மிசார்டான் போன்ற மருந்தும், சிறுநீரைப் பெருக்கும் மருந்தும், டைக்ளோஃபெனாக் வகை வலி மருந்தும், நீர் வற்றிய உடம்பில் ஒன்றாகச் சேர்வது சிறுநீரகத்துக்குப் பெரும் பாரம். முப்பது ஆண்டுகள் கடையில் நின்றவன் என்ற முறையில், இந்த மூன்றும் ஒரே பையில் போவதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கை நடுங்கும். மேலும், சாதாரண வலி மாத்திரையையே மாதத்தில் 15 நாட்களுக்கு மேல், மூன்று மாதங்களைத் தாண்டிப் போட்டுவந்தால் அந்த மாத்திரையே புதுத் தலைவலியை உண்டாக்கக்கூடும். நீங்கள் அந்த எல்லைக்குப் போகவில்லை, போகவும் வேண்டாம்.

உணவோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், கடும் பயிற்சியின்போது மட்டும் வந்து 48 மணி நேரத்துக்குள் போய்விடும் தலைவலி ஒன்று மருத்துவத்தில் தனியாகவே இருக்கிறது. அது துடிப்போடு வரும். வெப்பமான பருவத்திலும் உயரமான மலைகளிலும் கூடுதலாக வரும். பெரும்பாலும் தீங்கற்றது. ஆனால் அப்படி முடிவு கட்டுவதற்கு முன்பு மற்றவற்றை விலக்கியாக வேண்டும் என்பதால், முதன்முறையாக இப்படி வலி வந்தவர் ஒருமுறையாவது மருத்துவரைப் பார்ப்பது முறை. இடி விழுந்ததுபோல ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் வலி, கழுத்து விறைப்பு, வாந்தி, இரட்டைப் பார்வை, மயக்கம், பேச்சுக் குழறல், கை கால் மரத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் உட்கார்ந்து பதில் எழுதிக்கொண்டிருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பயிற்சியில் தலைவலியோடு நெஞ்சு இறுக்கமும் மூச்சுத் திணறலும் வந்தால் அது இதயத்தின் குரலாகவும் இருக்கலாம்.

இந்த இழையைப் படிக்கிற சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு சொல். கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மாவுச்சத்தை வெட்டிவிட்டு ஓடினால் சர்க்கரை உண்மையிலேயே ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு, சர்க்கரை அளவு அதிகமாகத் தெரியாதபோதே இரத்தம் அமிலமாகிவிடும் நிலை வரக்கூடும். குமட்டல், வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் அதன் அடையாளங்கள். மருத்துவரிடம் சொல்லாமல் இந்த உணவுமுறையில் இறங்கவே கூடாதவர்கள் இவர்கள்.

காட்பாடி ஆசிரியை – மே 9, மாலை 5.20

சகோதரருக்கு ஒரு சிறு கேள்வி. சர்க்கரையை நிறுத்தியபோது காபியையும் நிறுத்தினீர்களா? நான் பேலியோ தொடங்கியபோது, சர்க்கரை போடாத காபி தொண்டையில் இறங்காது என்பதால் நாளுக்கு மூன்று வேளை குடித்துவந்த வடிகட்டிக் காபியை ஒரே நாளில் விட்டேன். மறுநாள் மாலையிலிருந்து மண்டை பிளந்தது. நானும் உப்பு, எலுமிச்சை என்று எல்லாம் குடித்துப் பார்த்தேன். ஐந்தாம் நாள் சக ஆசிரியை ஒருவர் கொடுத்த பால் சேர்க்காத அரைக் குவளை டிக்காஷனில் அரை மணி நேரத்தில் வலி கரைந்துபோனது. காபி நின்றதால் வரும் வலி, விட்ட 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, இரண்டாம் நாளை ஒட்டி உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் ஒன்பது நாட்களுக்குள் அடங்கிவிடும். உங்கள் வலி எந்த நாளில் தொடங்கியது, ஓடாத நாட்களிலும் இருந்ததா என்பதைப் பார்த்தால் பங்கு பிரித்துவிடலாம். பழியைப் பாவம் உப்பின்மீதே போட வேண்டாம் என்பதற்காக எழுதினேன்.

சத்துவாச்சாரி நடையர் – மே 27, இரவு 8.30

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. நடந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன். பின்னால் தேடி வருபவருக்குப் பயன்படும்.

அன்று காலையே அழுத்தம் பார்த்தேன். உட்கார்ந்து 106/70, எழுந்து நின்றதும் 88/60. மருந்தாளுநர் ஐயா சொன்னபடி தாளில் குறித்துக்கொண்டு போனதால் மருத்துவர் இரண்டே நிமிடத்தில் விஷயத்தைப் பிடித்துவிட்டார். இரத்தத்தில் சோடியம் 131 என்று குறைவாக வந்தது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் சரியாக இருந்தது. சிறுநீரைப் பெருக்கும் மருந்து சேர்ந்த மாத்திரையை நிறுத்தி, டெல்மிசார்டான் 20 மட்டும் எழுதிக் கொடுத்தார். கூடுதல் உப்புக் கரைசல் வேண்டாம், சமையலில் எல்லோரையும்போல உப்புப் போட்டுக்கொள்ளுங்கள், பயிற்சிக்கு முன்பு ஒரு குவளை உப்பு மோர் போதும், தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள் என்றார். வலி மாத்திரையை விட்டுவிட்டேன்.

ஆசிரியை அம்மாவின் கணக்கும் பொய்க்கவில்லை. பழைய நாட்குறிப்பைப் புரட்டியபோது, ஏப்ரல் 21 மாலையும் 22ஆம் தேதியும், ஓடத் தொடங்குவதற்கு முன்பே, தலைவலி என்று எழுதியிருந்தேன். அலுவலகத்தில் இருவேளை காபியை நிறுத்தியதும் ஏப்ரல் 20 அன்றுதான். அந்த வலி ஏப்ரல் கடைசியில் போய்விட்டது. மே முதல் வாரத்தில் வந்தது ஓடினால் மட்டும் வந்த வலி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டது நான்தான்.

மாத்திரை மாறிய நான்காம் நாளிலிருந்து கண் இருட்டுவது நின்றது. ஒரு வாரம் ஓடாமல், கோட்டை அகழியோரம் பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் நடை மட்டும் நடந்தேன். பிறகு ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று ஓட்டத்தைச் சேர்த்தேன். நேற்று இருபத்தைந்து நிமிடம் ஓடியும் வலி இல்லை. கறுப்புச் சட்டைச் சோதனையையும் செய்தேன். முதுகில் பாலாற்று மணல்திட்டுபோல வெள்ளை வரிகள். இன்று காலை வீட்டுக் கருவியில் அழுத்தம் 122/78.

ஒன்று மட்டும் மிச்சமிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இரத்தினகிரி மலைக்கோயில் படிகளில் வேகமாக ஏறியபோது கடைசிப் படிகளில் மறுபடி நெற்றிப்பொட்டு தெறித்தது. ஆனால் கால் மணி நேரத்தில் போய்விட்டது. இதை எப்படி எடுத்துக்கொள்வது?

குடியாத்தம் ஓட்டக்காரர் – மே 27, இரவு 9.10

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். மாத்திரை பற்றிக் கேட்காமல் உப்பைக் குடிக்கச் சொன்னது என் தவறு. மருந்தாளுநர் ஐயா குறுக்கிட்டது நல்லதாயிற்று.

படிக்கு வருவோம். கடைசிப் படிகளில் பல்லைக் கடித்து மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினீர்களா என்று கவனியுங்கள். மூச்சை அடக்கி முக்கும்போது தலைக்குள் அழுத்தம் ஏறும்; பளு தூக்குகிறவர்களுக்கு வரும் வலியும் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. அதோடு, மாவுச்சத்தை விட்ட முதல் சில வாரங்களில் உடம்பு கொழுப்பை எரித்து மிதமான வேகத்துக்கு ஈடுகொடுக்கும்; மூச்சு முட்டும் வேகத்துக்குச் சர்க்கரையைத்தான் தேடும். இப்போதைக்குப் படியில் போட்டி போட வேண்டாம். ஒவ்வொரு படிக்கும் வாய்விட்டு எண்ணிக்கொண்டு ஏறுங்கள். எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாது. எண்ண முடியாமல் போகும் இடத்தில் நின்றுவிடுங்கள். அப்படி ஏறியும் வலி வந்தால் மருத்துவரிடம் இந்தப் படிக் கதையையும் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி நடையர் – ஜூன் 1, காலை 9.45

எண்ணிக்கொண்டே ஏறினேன். மூன்று இடங்களில் எண்ணிக்கை தடுமாறியதால் மூன்று இடங்களில் நின்றேன். மேலே போய்ச் சேரப் பழைய நேரத்தைவிட ஆறு நிமிடம் கூடுதலாயிற்று, வலி வரவில்லை. அம்மா இப்போது என் பங்குப் பொரியலைத் தனிச் சட்டியில் எடுத்து வைத்து உப்புப் போடுகிறார். தலைவலிக்குக் காரணம் சோற்றை விட்டதுதான் என்ற தன் கருத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.